பத்தி பதினான்கு

நான், தேஷ்னி வீராசாமி,
வயது நாற்பத்தொன்று, குழந்தை மருத்துவர்,
கீழ்க்கண்டவாறு உறுதி கூறுகிறேன்.
இந்த வரி என்னுடையதல்ல.
வழக்கறிஞர் வாவ்டாவின் கணினியில்
ஏற்கெனவே இருந்தது,
பெயருக்கும் வயதுக்கும் மட்டும் இடம் விட்டு.

பத்தி மூன்று: அன்றிரவு மழை பெய்தது.
"எவ்வளவு?" என்று ஓரத்தில் கேட்டிருந்தார்.
இசிப்பிங்கோ ஆறு கதவைத் தட்டாமல் வார்டுக்குள் வந்தது,
அவ்வளவு, என்று எழுதினேன்.
அதை அடித்துவிட்டு
வானிலை அறிக்கையை இணைத்தார்.

பத்தி ஆறு: ஜெனரேட்டர்.
அது அடித்தளத்தில் இருந்தது.
அதை அங்கே வைத்தவர் பெயர் எந்தப் பத்தியிலும் இல்லை.

பத்தி ஒன்பது: பிள்ளையின் எடை.
தராசு மிதந்துகொண்டிருந்தது.
தூக்கிப் பார்த்தேன். பதினான்கு கிலோ என்றது கை.
வீட்டில் என் மகனும் அப்போது அவ்வளவுதான்.
"மகனை விட்டுவிடுங்கள்" என்றார் வாவ்டா,
"கை ஒரு கருவி அல்ல."

பத்தி பதினொன்று: ஒப்புதல்.
தாய் இல்லை, கையெழுத்து இல்லை.
கண்காணிப்பாளர் தொலைபேசியில் சம்மதிக்கலாமாம்.
தொலைபேசிக் கோபுரமே சாய்ந்து கிடந்தது.
லிண்டோகுஷ்லே என்ற பெயரே மூன்றாம் நாள்தான் தெரிந்தது.
அதுவரை அட்டையில்:
ஆண், ஏறக்குறைய மூன்று வயது, சிவப்புச் சட்டை.

பத்தி பதின்மூன்று.
சிஸ்டர் தோலகேலே கைபேசி வெளிச்சம் பிடிக்க
இடது கையில் ஊசி ஏற்றினேன்.
நாடி திரும்பியது.
பிறகு நாற்பது நிமிடம்
நான் அந்தக் கையைப் பார்க்கவில்லை.
மருந்து நரம்பை விட்டுச் சதைக்குள் கசிந்திருந்தது.
மூன்று விரல்கள்.
அவன் இடக்கைப் பழக்கம் உள்ளவன்
என்கிறது தாயின் மனு.

அதே சூழலில் நியாயமான ஒரு மருத்துவர்
என்ன செய்திருப்பார், அதுதான் கேள்வியாம்.
அந்த நியாயமானவளைப் பற்றி நிறைய யோசித்துவிட்டேன்.
அவள் காலுறை நனைவதில்லை.
பதினெட்டு மணி நேரம் நின்றாலும் மூத்திரம் முட்டாது.
கண்கள் நான்கு.
அவளுக்கு இசிப்பிங்கோவில் ஒருநாளும்
டியூட்டி போட்டதில்லை.

பத்தி பதினான்கை நான் எழுதவில்லை.
நாற்பது நிமிடம் எங்கே போனீர்கள் என்று
வாவ்டா கேட்டுக் கேட்டுத் தானே தட்டச்சு செய்தார்.
எங்கும் போகவில்லை. பக்கத்து மேசைக்கு.
ஏழு மாதப் பெண், நெஞ்சு நிறையச் சேற்றுத் தண்ணீர்.
காற்றுப் பையை அழுத்திக்கொண்டிருந்தேன்;
நான் நிறுத்தினால் அவளும் நிறுத்துவாள்.
இருந்தது ஒரே கைபேசி, சார்ஜ் ஒன்பது சதவீதம்.
வெளிச்சத்தை இந்தப் பக்கம் திருப்பு என்றேன்.
நாலு இருபதுக்கு அவள் நிறுத்தினாள்.
நான் இன்னும் கொஞ்ச நேரம் அழுத்தினேன்.

வாவ்டா கண்ணாடியைக் கழற்றினார்.
"இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?
நம் வழக்கே இந்தப் பத்திதான்."

எடுத்துவிடுங்கள் என்றேன்.
அவளைத் தேடி ஒருவரும் வரவில்லை.
அந்தச் சரிவிலிருந்த வீடுகள்
அவளுக்கு முன்பே போய்விட்டன.
இருந்த நாற்பது நிமிடத்தில் அவள் யாரையும் காக்கவில்லை,
இப்போது என்னைக் காக்கச் சொல்கிறீர்கள்,
ஒரு பையனின் விரல்களுக்கு எதிராக.

"எடுத்தால் தோற்பீர்கள்" என்றார் மெதுவாக.
"வைத்தால்?"
பதிலுக்கு அச்சுப்பொறி ஓடியது.
தாளில் அவள் பெயர்: இரண்டாம் நோயாளி.

காவல் நிலையத்தில், சத்தியம் வாங்கும் கவுண்டரில்,
எனக்குப் பின்னால் உரிமம் தொலைத்தவர் ஒருவர்,
குடையோடு இன்னொருவர்.
கான்ஸ்டபிள் மூன்று கேள்விகள் கேட்டார், ஒரே மூச்சில்:
உள்ளடக்கம் தெரியுமா, புரிந்ததா?
சத்தியம் செய்ய ஆட்சேபணை உண்டா?
இது உங்கள் மனசாட்சியைக் கட்டுப்படுத்துமா?

மூன்றாவதற்கு நான் வாய் திறப்பதற்குள்
முத்திரை விழுந்துவிட்டது.